நீளமான ஆங்கில வாக்கியத்தை எங்கே வெட்டிப் படிப்பது

கேள்வி இது: “ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிகிறது. ஆனால் மூன்று நான்கு வரி நீளும் ஆங்கில வாக்கியம் வந்தால் எது எதோடு சேர்கிறது என்று பிடிபடுவதில்லை. கிளாஸ், சப்பார்டினேட் கிளாஸ் என்று இலக்கணம் படித்தும் உதவவில்லை. எங்கிருந்து தொடங்குவது?”

வினைமுற்றிலிருந்து தொடங்குங்கள். கிளாஸ் என்பது ஓர் எழுவாயும் அதன் வினைமுற்றும் சேர்ந்த வாக்கியத் துண்டு; சப்பார்டினேட் கிளாஸ் என்றால் இன்னொரு கிளாஸைச் சார்ந்து நிற்கும் துண்டு. இலக்கணப் புத்தகங்கள் பெரும்பாலும் நவுன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் என்று வகைகளை அடுக்கிவிட்டுத்தான் பாடத்துக்குள் போகின்றன. ஒரு கிளாஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணில் படாதவருக்கு வகை தெரிந்து என்ன பயன்? எல்லையைக் காட்டுவது வினைமுற்று. ஒரு கிளாஸுக்கு ஒரு வினைமுற்று. வாக்கியத்தில் எத்தனை வினைமுற்றோ அத்தனை கிளாஸ்.

இது தமிழ் பேசுகிறவர்களுக்குக் குறிப்பாகத் தடுக்கும் இடம். காரணத்தை ஒரு வாக்கியத்தில் பார்த்துவிடலாம். “மழை நின்றதும் கடைக்குப் போன தம்பி, கடை பூட்டியிருந்ததால் திரும்பி வந்துவிட்டான்.” மழை நிற்கிறது, தம்பி போகிறான், கடை பூட்டியிருக்கிறது, தம்பி வருகிறான். நான்கு செய்திகள். ஆனால் வினைமுற்று ‘வந்துவிட்டான்’ ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றை எச்சமாகவும் விகுதியாகவும் மடித்து, முற்றைக் கடைசியில் வைத்துப் பூட்டுகிறோம். தமிழ்க் காது வாக்கியத்தின் இறுதியில் வரும் அந்த ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கப் பழகியது.

அதையே ஆங்கிலத்தில் சொன்னால்: “மை பிரதர், ஹூ வென்ட் டு தி ஷாப் வென் தி ரெய்ன் ஸ்டாப்ட், கேம் பேக் பிகாஸ் இட் வாஸ் க்ளோஸ்ட்.” வென்ட், ஸ்டாப்ட், கேம், வாஸ் க்ளோஸ்ட் என நான்கு முழு வினைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எழுவாய். அவற்றைக் கோத்தவை ஹூ, வென், பிகாஸ் என்ற மூன்று சொற்கள். நான்கு வண்டிப் பெட்டிகளுக்கு மூன்று கொக்கிகள். இதுதான் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய கணக்கு: இணைப்புச் சொற்களின் எண்ணிக்கை, வினைமுற்றுகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. படிக்கும்போது வாக்கியத்தைப் பிரிக்கவும், எழுதும்போது பிழையைக் கண்டுபிடிக்கவும் இந்த ஒரு கணக்கு போதுமான அளவு வேலை செய்யும். கணக்கு இடிக்கும் இடங்களும் உண்டு, அவற்றுக்கும் காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

முதலில் கிளாஸுக்குள் சொற்கள் நிற்கும் வரிசை. தமிழில் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதை வேற்றுமை உருபு சொல்லிவிடும். “நாய் மனிதனைக் கடித்தது”, “மனிதனை நாய் கடித்தது” இரண்டிலும் கடிபட்டவன் மனிதன்தான், ‘ஐ’ அவனை விடாது. ஆங்கிலத்தில் “தி டாக் பிட் தி மேன்” என்பதை “தி மேன் பிட் தி டாக்” என்று மாற்றினால் கடித்தது மனிதன் ஆகிவிடுவான். இடம்தான் அங்கே உருபு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு ஒட்டும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து மறைய மறைய, வரிசை இறுகிவிட்டது. ஹீ–ஹிம், ஷீ–ஹெர், ஹூ–ஹூம் போன்ற ஜோடிகளில் மட்டும் பழைய வேறுபாடு மிச்சம் இருக்கிறது.

வினைக்கு முன்னால் எழுவாய், பின்னால் செயப்படுபொருள். எழுவாயை விட்டுவிடவும் முடியாது. ‘படித்தான்’ என்றால் தமிழில் ஆண், ஒருமை, படர்க்கை எல்லாம் விகுதியிலேயே வந்துவிடும். ஆங்கில வினையில் அது இல்லாததால் பொருளே இல்லாத ‘இட்’டையாவது அங்கே உட்கார வைக்க வேண்டும்: “இட் இஸ் ரெய்னிங்.” அதேபோல வினை இல்லாமலும் முடியாது. “அவர் ஆசிரியர்” தமிழில் நிறைவான வாக்கியம். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ வராமல் நிற்காது.

இனி முக்கியமான வேலை, வினைமுற்றைக் கண்டுபிடிப்பது. இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் வினை போலத் தோன்றும் எல்லாமும் முற்று அல்ல. ‘டு’ முன்னால் வரும் வினை முற்று அல்ல. தனியாக நிற்கும் ‘இங்’ வடிவம் முற்று அல்ல. தனியாக நிற்கும் மூன்றாம் வடிவமும், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிளும், முற்று அல்ல. இவை மூன்றும் நம் எச்சங்களுக்கும் தொழிற்பெயருக்கும் ஆங்கிலச் சொந்தக்காரர்கள். ‘வில் பி ரிஃபண்டட்’, ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’ போன்ற தொடர்களை மொத்தமாக ஒரே வினைமுற்றாக எண்ண வேண்டும். அதில் முதல் சொல்லே காலத்தைத் தாங்குகிறது.

சந்தேகம் வந்தால் காலத்தை மாற்றிப் பாருங்கள். “ஹீ வான்ட்ஸ் டு கோ” என்பதை நேற்றைக்கு நகர்த்தினால் “ஹீ வான்டட் டு கோ”. மாறியது வான்ட்ஸ், ஆகவே அது முற்று. ‘கோ’ அசையவில்லை.

உண்மையான சிக்கல் ‘எட்’ விகுதியில் இருக்கிறது. டெபாசிட்டட், மென்ஷன்ட் போன்ற சொற்களில் இறந்தகால முற்றும் மூன்றாம் வடிவமும் எழுத்தளவில் ஒன்றே. எது எது என்று அறிய ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தில் இரண்டு வடிவமும் வேறுபடும் ஒரு வினையைப் போட்டுப் பாருங்கள். கேவ்–கிவன் நல்ல ஜோடி, வ்ரோட்–ரிட்டன் இன்னொன்று. ‘கேவ்’ பொருந்தினால் முற்று, ‘கிவன்’ பொருந்தினால் எச்சம்.

வங்கிக் கடிதங்களில் வரும் பாணியில் ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்வோம். “தி அமவுண்ட் விச் யூ டெபாசிட்டட் வில் பி ரிஃபண்டட் இஃப் தி ஃபார்ம் தட் வாஸ் சென்ட் டு யூ இஸ் ரிட்டர்ன்ட் பிஃபோர் தி டேட் மென்ஷன்ட் பிலோ.” ‘யூ கேவ்’ என்று சொல்லலாம், ஆகவே டெபாசிட்டட் முற்று. ‘டேட் கிவன் பிலோ’ என்றுதான் சொல்ல முடியும்; தேதி எதையும் குறிப்பிடவில்லை, தேதியைத்தான் யாரோ குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே மென்ஷன்ட் எச்சம், கணக்கில் வராது. மிச்சம்: டெபாசிட்டட், வில் பி ரிஃபண்டட், வாஸ் சென்ட், இஸ் ரிட்டர்ன்ட். நான்கு. கொக்கிகள்: விச், இஃப், தட். மூன்று. கணக்கு சரி.

அடுத்து, எந்த வினைமுற்று கொக்கி இல்லாமல் தனியாக நிற்கிறது என்று பாருங்கள். ‘விச்’ ‘டெபாசிட்டட்’டைப் பிடித்திருக்கிறது, ‘தட்’ ‘வாஸ் சென்ட்’டைப் பிடித்திருக்கிறது, ‘இஃப்’ ‘இஸ் ரிட்டர்ன்ட்’டைப் பிடித்திருக்கிறது. யாரும் பிடிக்காதது ‘வில் பி ரிஃபண்டட்’. அதுதான் மெயின் கிளாஸின் வினை. அதன் எழுவாய் ‘தி அமவுண்ட்’. பணம் திருப்பித் தரப்படும், இதுதான் கடிதத்தின் செய்தி. எந்தப் பணம், எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் அதன்மேல் ஏற்றிய சுமை. இஃப் தன் வினையைச் சந்திப்பதற்குள் நடுவில் இன்னொரு கிளாஸ் முழுதாகப் புகுந்து வெளியேறுகிறது என்பதையும் கவனியுங்கள். கொக்கிக்குப் பின் வரும் முதல் வினையே அதனுடையது என்று எண்ணினால், இந்த வாக்கியத்தில் நிச்சயம் தடுமாறுவீர்கள். உள்ளே புகுந்ததை முதலில் மூடிவிட்டுத்தான் வெளியே இருப்பதை மூட வேண்டும்.

இந்தக் கணக்கின் வலிமையைக் காட்ட மொழியியலில் புகழ்பெற்ற ஒரு வாக்கியம் இருக்கிறது. தாமஸ் பீவர் என்ற உளமொழியியலாளர் 1970இல் எடுத்துக்காட்டியது: “தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.” ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுக்கி விழுவார்கள். ‘குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடியது’ என்று படித்து முடித்த பிறகு ‘விழுந்தது’ அநாதையாக நிற்கும். கணக்குப் போடுங்கள். வினை போலத் தெரிபவை இரண்டு, ரேஸ்ட், ஃபெல். கொக்கி ஒன்றுகூட இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று முற்று அல்ல. ‘ஃபெல்’ இறந்தகாலம் மட்டுமே, அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆக ரேஸ்ட் எச்சம். ‘ரிடன்’ என்று மாற்றிப் போட்டால் பொருள் உடனே திறந்துகொள்ளும்: கொட்டகையைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது.

வகைகளுக்கு வருவோம். நமக்கு அதிக வேலை வைப்பது அட்ஜெக்டிவ் கிளாஸ், அதாவது பெயரைத் தழுவி வருவது. தமிழில் இதன் வேலையைப் பெயரெச்சம் செய்கிறது. நன்னூல், ஒரு வினை தரும் பொருள்கள் ஆறு என்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். பெயரெச்சம் இந்த ஆறு வகைப் பெயரையும் கொண்டு முடியும். எழுதிய மாணவி, எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய கடிதம் எல்லாவற்றுக்கும் ‘எழுதிய’ ஒன்றே போதும். மாணவி எழுதினாள், பேனாவால் எழுதினாள், அறையில் எழுதினாள் என்ற உறவுகளை நாமே ஊகித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் ஊகத்துக்கு விடுவதில்லை. மாணவிக்கு ‘ஹூ வ்ரோட்’, பேனாவுக்கு ‘வித் விச் ஷீ வ்ரோட்’, அறைக்கு ‘வேர் ஷீ வ்ரோட்’, நாளுக்கு ‘வென் ஷீ வ்ரோட்’, கடிதத்துக்கு ‘விச் ஷீ வ்ரோட்’. பேனா என்று எழுதத் தொடங்கி ‘தி பென் விச் ஷீ வ்ரோட்’ என்று முடித்தால், அவள் பேனாவையே எழுதியதாகப் பொருள் வரும். ‘வித்’ விட்டுப்போவது மிகப் பரவலான பிழை.

இரண்டாவது வேறுபாடு இடம். தமிழில் தழுவல் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் பெயர் முதலில், விளக்கம் பின்னால். அதனால் மொழிபெயர்க்கும்போது கிளாஸைப் பின்னிருந்து எடுத்து முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது. மனதுக்குள் மொழிபெயர்க்காமல் படிக்கப் பழக விரும்பினால் ‘தி பாய் ஹூ’ என்று வந்தவுடன் “பையன், எந்தப் பையன் என்றால்” என்று உள்ளுக்குள் ஓட விடுங்கள். வாக்கியம் வரும் வரிசையிலேயே பொருளும் வந்து சேரும், திரும்பிப் போகத் தேவை இருக்காது.

மூன்றாவது, இந்தக் கிளாஸுக்குள் எப்போதும் ஓர் இடம் காலியாக இருக்கும். “தி புக் விச் ஐ பாட்” என்பதில் ‘பாட்’டுக்குப் பின் எதை வாங்கினேன் என்பது இல்லை. புத்தகம் வெளியே நின்று அந்த இடத்தை நிரப்புகிறது. அங்கே ‘இட்’ என்று ஒன்றைச் சேர்த்து “விச் ஐ பாட் இட்” என்று எழுதுவது தவறு. இந்தக் காலி இடம் படிப்பதற்கும் பெரிய துணை. ‘தட்’ என்ற சொல் ஆங்கிலத்தில் பல வேடம் போடுகிறது அல்லவா? “தி நியூஸ் தட் ஹீ டோல்ட் மீ” என்பதில் டோல்ட் மீ, எதைச் சொன்னான் என்பது காலி. ஆக அது தழுவல், ‘அவன் என்னிடம் சொன்ன செய்தி’. “தி நியூஸ் தட் ஹீ டைட்” என்பதில் எதுவும் காலி இல்லை, ‘ஹீ டைட்’ தானாகவே முழுமை. ஆக அது செய்தியின் உள்ளடக்கம், ‘அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி’. ‘தட்’டுக்குப் பின்னால் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

காற்புள்ளியையும் இங்கே விட்டுவிடாதீர்கள். “மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை” என்று காற்புள்ளி இல்லாமல் வந்தால், வேறு ஊரிலும் சகோதரர் இருக்கிறார், இவர் மதுரைக்காரர் என்று பொருள். ஹூவுக்கு முன்னும் மதுரைக்குப் பின்னும் காற்புள்ளி இருந்தால் சகோதரர் ஒருவரே, மதுரை கூடுதல் தகவல். தமிழில் ‘மதுரையில் இருக்கும் என் அண்ணன்’ என்பது இரண்டுக்கும் பொது. ஒப்பந்தங்களில் இந்த ஒரு காற்புள்ளி யாருக்குப் பொருந்தும் என்பதையே மாற்றிவிடும்.

நவுன் கிளாஸ் நமக்கு எளிது, ஏனென்றால் தமிழிலும் அதற்கு ‘என்று’ இருக்கிறது, உள்ளே வினைமுற்றும் முழுதாகவே நிற்கிறது. ‘அவன் வருவான் என்று நினைக்கிறேன்.’ ‘என்று’ பின்னால் வரும், ‘தட்’ முன்னால் வரும், அவ்வளவுதான். பிழை வருவது உள்ளே கேள்வி இருக்கும்போது. ‘அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை’ என்பதில் தமிழ் கேள்வியை அப்படியே வைத்திருக்கிறது. அதே பழக்கத்தில் “ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ” என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் கேள்வி உள்ளே நுழைந்துவிட்டால் எழுவாய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்: “வேர் ஹீ இஸ்.” ‘வருவானா என்று’ போன்ற ஆகாரக் கேள்விக்கு இஃப் அல்லது வெதர். ‘வேர்’, ‘வெதர்’ இரண்டுக்கும் முன்னால் ‘தட்’ சேர்க்கக் கூடாது, அவையே கொக்கிதான்.

அட்வெர்ப் கிளாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆல், ஆலும், போது, பிறகு, முன், ததால் (‘வந்ததால்’ போல) என்று நாம் வினையின் வாலில் ஒட்டுவதை ஆங்கிலம் இஃப், ஆல்தோ, வென், ஆஃப்டர், பிஃபோர், பிகாஸ் என்று கிளாஸின் தலையில் வைக்கிறது. மூன்று பிழைகளை மட்டும் கவனியுங்கள். ஆல்தோ போட்ட வாக்கியத்தில் பட் வேண்டாம். இரண்டு வினைக்கு இரண்டு கொக்கி ஆகிவிடும். பிகாஸ் கிளாஸைத் தனி வாக்கியமாக எழுத வேண்டாம். ‘ஏனென்றால் மழை பெய்தது’ தமிழில் முழு வாக்கியம், “பிகாஸ் இட் ரெய்ன்ட்” எழுத்து ஆங்கிலத்தில் பாதி. பிகாஸுக்குப் பின் வினைமுற்று வரும், ‘பிகாஸ் ஆஃப்’புக்குப் பின் பெயர் மட்டும் வரும். ஆல்தோவுக்கும் டெஸ்பைட்டுக்கும் இதே வேறுபாடு. பள்ளித் தேர்வில் கேட்கும் சிம்பிள்–காம்ப்ளெக்ஸ் மாற்றம் இதுதான்: வினைமுற்றைப் பெயராகவோ இங் வடிவமாகவோ மடித்தால் சிம்பிள், திரும்ப விரித்துக் கொக்கி போட்டால் காம்ப்ளெக்ஸ்.

வாக்கியம் நீண்டால் கிளாஸ்களும் அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய அரசமைப்பின் முகப்புரை ஒரே வாக்கியம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த சொற்களோடு ஆங்கிலத்தில் மொத்தம் 85 சொற்கள். முதல் சொல் ‘வீ’, அதுதான் எழுவாய். அதற்கான வினைமுற்றைத் தேடுங்கள். ‘ஹேவிங் ரிசால்வ்ட்’ இங் வடிவம். ‘டு கான்ஸ்டிட்யூட்’, ‘டு செக்யூர்’, ‘டு ப்ரமோட்’ மூன்றும் டு வடிவம். ‘அஷ்யூரிங்’ மறுபடி இங். எல்லாம் எச்சங்கள். 76ஆவது சொல்லாகத்தான் ‘டூ’ வருகிறது, அதைத் தொடர்ந்து அடாப்ட், எனாக்ட், கிவ். எழுவாய் ஒன்று, அதற்கு ‘டூ’ தாங்கும் மூன்று வினைகள், சப்பார்டினேட் கிளாஸ் ஒன்றுகூடக் கிடையாது. ‘மக்களாகிய நாம் உறுதிபூண்டு இந்த அரசமைப்பை ஏற்று, இயற்றி, நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்’ என்று எச்சங்களை அடுக்கி முற்றில் முடிக்கும் தமிழ்க் கட்டுமானத்துக்கு மிக நெருக்கமாக நிற்கும் ஆங்கில வாக்கியம் அது.

பழகுவதற்கு நாளுக்கு ஒரு பத்தி போதும், ஆங்கில நாளிதழின் தலையங்கமே நல்லது. பென்சிலால் வினைமுற்றுகளைக் கட்டம் கட்டுங்கள், கொக்கிகளை வட்டமிடுங்கள், எண்ணுங்கள்.

கொக்கி குறைந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, விழுங்கப்பட்ட தட்: “தி மேன் ஐ மெட்” என்று ஒரு பெயரும் அடுத்த எழுவாயும் இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டி நின்றால் நடுவே ஹூம் அல்லது தட் மறைந்திருக்கிறது, திங்க், சே, நோ ஆகியவற்றுக்குப் பின்னும் அப்படியே. இரண்டு, அண்ட் இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ நிற்கும். வினைகள் பட்டியலாக வரும்போது இது வழக்கம். மூன்று, எட் விகுதி கொண்ட எச்சத்தை முற்று என்று எண்ணியிருப்பீர்கள். கிவன் சோதனை போடுங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால், அது பெரும்பாலும் எழுதியவரின் பிழை. இரண்டு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டியிருக்கிறார்.

கொக்கி கூடினால், பெயர்களை மட்டும் இணைக்கும் ‘அண்ட்’டை எண்ணியிருப்பீர்கள், அல்லது ‘தட் மேன்’ என்று சுட்டாக வந்த ‘தட்’டை, அல்லது பின்னால் பெயர் மட்டும் வரும் ஆஃப்டர், பிஃபோர், சின்ஸை. வங்கிக் கடிதத்தில் ‘பிஃபோர் தி டேட்’ வந்ததும் இந்தக் காரணத்தால்தான் கணக்கில் சேரவில்லை.